மின்னல் எங்களுக்கு, இடி அவர்களுக்கு

பை மடியிலேயே இருக்கட்டும் அண்ணாச்சி. மேலே வைத்தால் டிரைவர் பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழும். இரண்டே முக்கால் கிலோ. காலையில்தான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உங்கள் மூட்டைக்கு இடம் போதுமா? உள்ளே என்ன, தூக்குவாளிகளா? ஓ, சங்கரன்கோவிலில் பாத்திரக் கடை வைத்திருக்கிறீர்களா. நானும் அங்கேதான் இறங்குகிறேன். ஒரு அண்டா விஷயமாக யாரிடமாவது பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அண்டாவுக்கு இப்போது வர முடியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பாகப்பிரிவினை என்றால் எதைப் பிரிப்பார்கள்? வீடு, கடை, காடு, பண்ட பாத்திரம். எங்கள் வீட்டில் என்சைக்ளோபீடியாவைப் பிரித்தார்கள்.

சிரிக்காதீர்கள். இருபது வால்யூம், இங்கிலீஷில், தங்க எழுத்துப் போட்ட சிவப்பு அட்டை. உலகத்தில் இருக்கிற எல்லா விஷயத்தையும் ஏ முதல் இசட் வரை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். அப்போது போன் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. ஒட்டகத்துக்கு ஏன் திமில் என்று தெரிய வேண்டுமானால் ஒன்று ஒட்டகத்தைக் கேட்க வேண்டும், இல்லை இந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும்.

கோவில்பட்டி மெயின் ரோட்டில் எங்களுக்கு இரும்புக் கடை. பெரியப்பா தனுஷ்கோடி, அப்பா ரத்தினவேல், இரண்டு பேருக்கும் பொது. வீடும் ஒன்று, சோறும் ஒன்று. பெரியப்பாவுக்கு ஒரே மகள், செண்பகவல்லி. அப்பாவுக்கு நான் ஒருத்தன், கதிரேசன். செண்பா அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டை இருபதாக வைத்துப் பேசுவாள்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாசம், டை கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார். அந்த வெயிலில் டை கட்டியிருந்தவரைப் பார்த்த பரிதாபத்தில் பெரியப்பா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அவர் மோரைக் குடித்துவிட்டு, "உலகத்துல உள்ளது அத்தனையும் இதுல இருக்கு சார்" என்றார்.

பெரியப்பா யோசித்தார். "ஆணி இருக்கா?"

டை கட்டியவர் அசரவில்லை. இருபத்தொன்றாவதாக ஒரு புத்தகத்தை எடுத்தார். அதற்குப் பேர் இன்டெக்ஸ். எந்த விஷயம் எந்த வால்யூமில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. விரலால் தடவிக்கொண்டே போய், "ஆணி, வால்யூம் பதிமூணு, பக்கம் பன்னிரண்டு" என்றார். பதிமூன்றாவதைப் பிரித்தால் அந்தப் பக்கத்தில் ஆணி. படத்தோடு. பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். "ஏ ரத்தினம், இங்க வா. நம்ம கடை இவன்கிட்ட இருக்குடா."

அன்றைக்கே வாங்கிவிட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று என் அம்மா சொல்வாள்.

படித்தது நாங்கள்தான். நான் அப்போது தமிழ் மீடியம், செண்பா அக்கா இங்கிலீஷ் மீடியம். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொள்வோம், அங்கேதான் தரை குளிர்ச்சியாக இருக்கும். அவள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்வாள். நான் பக்கம் திருப்புவேன். கை கழுவியிருக்க வேண்டும். முறுக்குத் தின்றால் அன்றைக்குத் தொடக் கூடாது, முகர்ந்து பார்ப்பாள். முதல் வால்யூமில் ஆர்ட்வார்க் என்று ஒரு மிருகம். "இது எறும்பு திங்கற பன்னி. ஆனா பன்னி இல்ல" என்றாள். அப்புறம் என்ன அக்கா என்று கேட்டேன். "எழுதினவனுக்கே தெரியலைலே, போ" என்று பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.

ஒன்றையும் விட மாட்டோம். வரிசையாகப் போவோம். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் ஏழே எலும்பு, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே ஏழு. ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாது. அதற்கு முன்னால் ஐ வந்தபோது இக்லூ, பனிக்கட்டி வீடு. அதைக் கட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். கோவில்பட்டியில் பனிக்கட்டிக்கு எங்கே போக? மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புண்ணாக்குக் கட்டிகளை அடுக்கினோம். வாசல் எல்லாம் வைத்து நன்றாகத்தான் வந்தது. உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆடு வந்து சுவரைத் தின்ன ஆரம்பித்தது. "எஸ்கிமோவுக்கு இந்தத் தொல்லை கெடையாது பாரு, அங்க ஆடு இல்ல" என்றாள். அது புத்தகத்தில் இல்லை, அவளாகச் சொன்னது.

இப்படி அடுத்த வருஷம் பெரிய லீவு முடிவதற்குள் எல் வரைக்கும் வந்துவிட்டோம். பத்து வால்யூம். அப்போதுதான் போர்டு எழுதுகிறவர் வந்தார்.

கடைக்குப் புதுப் போர்டு. 'தனுஷ்கோடி ரத்தினவேல் இரும்புக் கடை.' அந்த மனுஷன் பெரியப்பா பேரை நல்ல தடியாக எழுதிவிட்டார். அப்புறம் பார்த்தால் இடம் இல்லை. அப்பா பேரை இடுக்கிப் பிடித்து எறும்பு மாதிரி எழுதி முடித்தார். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு என் பேரே தெரியலையே" என்றார். பெரியப்பா, "கிட்ட வந்து பாரு" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பாகப்பிரிவினை பேச சீனிராஜ் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார்.

சீனிராஜ் மாமா அதற்கு முன்னால் பதினொரு குடும்பத்தைப் பிரித்தவர். பாதிப் பாதிதான் அவர் கணக்கு. ஆறு நாற்காலியா, மூன்று மூன்று. அம்மி இவர்களுக்கு, ஆட்டுக்கல் அவர்களுக்கு. வீட்டுக்கு நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார், பின்னால் அதில் சுவர் வந்தது. டிவி எங்கள் பக்கம் வந்தது. மொட்டை மாடி அவர்கள் பக்கம் போனதால் ஆன்டெனா அவர்களுக்கு. இரண்டு மாசம் எங்களிடம் படம் இல்லாத டிவி, அவர்களிடம் டிவி இல்லாத ஆன்டெனா. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றில் ஒயர் தானாக எங்கள் ஜன்னல் பக்கம் வந்து விழுந்தது. நல்ல காற்று. ஜன்னல் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

என்ன பார்க்கிறீர்கள்? ஆடி மாசம் அண்ணாச்சி, எங்கள் ஊரில் காற்று அப்படித்தான் அடிக்கும்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெரியவர் பங்கு வைக்க வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பெரியவர் ஒழுங்காகப் பங்கு வைப்பார். ஒரு புதன்கிழமை பெரியப்பா பத்தை இந்தப் பக்கமும் பத்தை அந்தப் பக்கமும் அடுக்கினார். ஒன்று முதல் பத்து ஒரு அடுக்கு, பதினொன்று முதல் இருபது ஒரு அடுக்கு. செண்பா அக்கா, "அதைப் பிரிக்கக் கூடாது, பிரிச்சா அது புஸ்தகமே இல்ல" என்று அழுதாள். சீனிராஜ் மாமா, "மாட்டையே பிரிச்சிருக்கேன், போ தாயி" என்றார்.

அப்பா என்னைப் பார்த்து, "ஏலே கதிரு, படிக்கறவன் நீ. நீயே எடு" என்றார்.

இதைக் கவனியுங்கள் அண்ணாச்சி. என் முப்பத்தெட்டு வருஷக் குறை இங்கேதான் இருக்கிறது. செண்பா அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்று காதில் சொன்னாள். "டைனோசர் இருக்கற அடுக்கை விட்டுராதலே."

டி நாலாவது வால்யூம். நான் முதல் அடுக்கின் மேல் கையை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அது நாங்கள் படித்து முடித்த பத்து. அவளுக்குப் போனதோ இரண்டு பேருமே பார்க்காத பத்து. எம் முதல் இசட் வரை புத்தம் புதுசு. ஒரு டைனோசரைக் காட்டிப் பாதி உலகத்தை வாங்கிக்கொண்டாள். ஆமாம், டைனோசர் படத்தைத் தினம் ஒரு தடவை பார்க்காமல் நான் தூங்க மாட்டேன், உண்மைதான். பார்க்காவிட்டால் அழுவேன், அதுவும் உண்மை. அதை அவள் பயன்படுத்திக்கொண்டாள், அதுதான் நான் சொல்வது.

பிரித்த பிறகு பாருங்கள் வேடிக்கையை. மின்னல் எங்களுக்கு, இடி அவர்களுக்கு. ராஜா எங்களுக்கு, ராணி அவர்களுக்கு. இங்கிலீஷ் வரிசையில் இரும்பு எங்கள் பக்கம், ஆணி அவர்கள் பக்கம். பெரியப்பா புதுக் கடை போட்டபோது இதைச் சொல்லிச் சிரித்தாராம். பூமி எங்களுக்கு வந்தது, சூரியனும் சந்திரனும் அவர்களுக்குப் போய்விட்டது. நான் அப்பாவிடம் அழுதேன். அப்பா, "விடுலே, பூமி நம்ம கையில இருக்கு. வெறும் சூரியனை வச்சுக்கிட்டு அவன் என்ன செய்யப் போறான்" என்றார். கட்டுரை முடிகிற இடத்தில் சின்ன எழுத்தில், மேற்கொண்டு இதைப் பார்க்கவும் என்று போட்டிருக்கும். டால்ஃபினைப் படித்துக் கடைசிக்கு வந்தால், திமிங்கிலம் பார்க்கவும். திமிங்கிலம் சுவருக்கு அந்தப் பக்கம்.

மிச்சம் இருந்தது இருபத்தொன்று. இன்டெக்ஸ். ஒற்றைப் புத்தகத்தை எப்படிப் பிரிக்க? வெள்ளிக்கிழமை பூஜை முடித்துச் சீட்டுக் குலுக்கிப் போடலாம், அதுவரை மேஜை மேல் இருக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் இன்டெக்ஸைக் காணவில்லை.

கழுகுமலை வந்துவிட்டதா? கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். டீ வேண்டுமானால் ஜன்னலிலேயே வாங்கலாம். எனக்கு வேண்டாம், கை ஒழியவில்லை, பை இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? ஆமாம். பையில் இருப்பது அதுதான்.

திருடினேன் என்று சொல்லக் கூடாது அண்ணாச்சி. ஏமாந்தவன் நான். அவளுக்குப் பாதி உலகம் போன பிறகு, அதில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலாவது எனக்கு வேண்டாமா? வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தபோது சட்டைக்குள் விட்டு எடுத்துக்கொண்டு போனேன். யாருக்கும் தெரியாது. ஸ்டோர் ரூம் வாசலில் செண்பா அக்கா மட்டும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "என்னலே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வார?" என்றாள். வயிற்று வலி என்றேன். "சதுரமா வலிக்குதோ?" என்றாள். ஆமாம் என்றேன். நம்பிவிட்டாள். திரும்பப் புளியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஸ்டோர் ரூமில் கல்யாண அண்டா இருந்தது. பித்தளை. விசேஷத்துக்கு மட்டும்தான் இறக்குவார்கள், மற்ற நாளில் யாரும் திறக்க மாட்டார்கள். அதற்குள் வைத்து, மேலே ஒரு மஞ்சள் துணியைச் சும்மா அள்ளிப் போட்டு, மூடியால் மூடிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பூஜை அறையில் கற்பூரத்தை ஏற்றி வைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். நான், "அந்தப் புஸ்தகம் என் கையில இல்ல" என்று சத்தியம் அடித்தேன். கையில் இல்லையே, அண்டாவில்தானே இருந்தது. அடுத்தது செண்பா அக்கா. "நான் எடுக்கல" என்றாள். பெரியப்பா விடவில்லை. "சரி, யாரு எடுத்ததுன்னு தெரியுமா?" அவள் என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்தில் இருந்த சர்க்கரைப் பொங்கலை எடுத்து இரண்டு கன்னமும் உப்ப வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். பெரியப்பா கேட்கிறார், கேட்கிறார், அவள் மெல்கிறாள். கற்பூரம் அணைந்துவிட்டது. முதுகில் இரண்டு அடி விழுந்தது. அப்போதும் மென்றுகொண்டுதான் இருந்தாள். அவ்வளவு பெரிய விசாரணை நடக்கிறது, அவளுக்குச் சாப்பாடுதான் முக்கியமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

இரண்டு வீடும் ஒன்றை ஒன்று திருட்டு வீடு என்றது. அதோடு பேச்சு நின்றது.

இனிமேல்தான் அண்டா. நீங்கள் தொழில் தெரிந்தவர், கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாத்திரங்களைப் பிரிக்க எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டு வந்து பரப்பினார்கள். கல்யாண அண்டாவும் வந்துவிட்டது, மூடியோடு. என் வயிறு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. பெரியம்மா, "மூத்த மருமக நான், அண்டா எனக்குத்தான் சேரும்" என்றாள். சீனிராஜ் மாமா, "உள்ள ஓட்டை இருக்கா பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மூடியில் கை வைக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துச் செண்பா அக்கா ஓடி வந்து அண்டா மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூடி மேல் சம்மணம் போட்டு. பதினொரு வயதுப் பெண், பாவாடை சட்டையோடு, கூடத்து நடுவில்.

"எறங்குடி" என்றாள் பெரியம்மா.

"எனக்கு மூடி மட்டும் போதும். அண்டா கதிரு வீட்டுக்கு."

"மூடியை மட்டும் வச்சு என்ன கூத்தாடப் போறியா?"

"எனக்கு மூடிதான் வேணும். குடுத்தாத்தான் எறங்குவேன். அண்டாவை இப்படியே அவங்க பரண்ல ஏத்துங்க. நாளைக்கு நானே வந்து மூடியை எடுத்துக்கிடுதேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் சீனிராஜ் மாமா, பன்னிரண்டு குடும்பத்தில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு எழுதினார்: அண்டா இளையவருக்கு, மூடி மூத்தவருக்கு. நீங்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி, உங்கள் கடைக்கு வந்து யாராவது மூடி மட்டும் கேட்டிருக்கிறார்களா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. இதில் ஏதாவது லாபம் இருக்கிறதா? பித்தளை விலையில் மூடி தனியாக உசத்தியா? இல்லையா. அப்படியானால் வெறும் பிடிவாதம். ஆனால் நல்லவேளை, அவளுடைய அந்தப் பேராசை அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் வந்தாள். எங்கள் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசவில்லை. ஏணியைப் போட்டுப் பரணில் ஏறி மூடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உயிர் போய் நின்றேன். பரணில் இருட்டு, துணி வேறு மேலே கிடந்தது, அவள் பார்க்கவில்லை. அவள் போனதும் ஏறிப் பார்த்தேன். புத்தகம் பத்திரம். மஞ்சள் துணியைத்தான் எலி இழுத்திருந்தது. இழுத்து, நாலாக மடித்து, புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தது.

சிரிக்கிறீர்களே. டீ புரை ஏறிவிட்டதா? தலையில் தட்டட்டுமா?

அப்புறம் நானும் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினேன். என் பத்தை நானே படித்தேன், அது முடிந்தது. மிச்சப் பத்துக்கு இன்டெக்ஸைப் படித்தேன். எம் முதல் இசட் வரை உலகத்தில் இருக்கிற அத்தனைக்கும் எனக்கு விலாசம் தெரியும், ஆளைத் தெரியாது. எட்டாம் வகுப்பில் தாலுகா அளவில் குவிஸ் போட்டி. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவள். 'பிளாட்டிபஸ் என்ற விலங்கு எந்தக் கண்டத்தில் காணப்படுகிறது?' நான்தான் முதலில் மணி அடித்தேன். எழுந்து நின்று, "வால்யூம் பதினைந்து, பக்கம் முந்நூற்று இரண்டு, படத்துடன்" என்றேன். மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாக, "ஆஸ்திரேலியா" என்றாள். வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? ஆஸ்திரேலியா என் வால்யூம். முதல் வால்யூம். என் கண்டத்தில் ஓடுகிற மிருகம் அவள் புத்தகத்தில் இருக்கிறது.

போனில் பார்க்கலாமே என்கிறீர்கள். பார்க்கலாம். என் மனைவி கல்பனாவும் அதைத்தான் சொல்வாள். பார்க்க மாட்டேன், அது வைராக்கியம். படிப்பு முடித்து பஹ்ரைனில் நாலு வருஷம், கனடாவில் ஏழு, டென்மார்க்கில் பத்து வருஷம் இருந்தேன். நடுவில் நார்வேயில் ஒரு நல்ல வேலை வந்தது, ஏனோ மனசு ஒட்டவில்லை. டென்மார்க்கில் அடுத்த வீட்டுக் குழந்தை ஒரு நாள் ஒரு பொம்மையைக் காட்டி, இதுதான் பிளாட்டிபஸ் என்றது. கண்ணை மூடிக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அது பறக்குமா நீந்துமா எனக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த முந்நூற்று இரண்டாம் பக்கத்தில்தான் தெரிய வேண்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நான் ஊருக்கே திரும்பி வந்தது அதற்குத்தான் அண்ணாச்சி. எல்லாரிடமும் காற்று, வெயில், சொந்த ஊர் என்று வேறு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பத்தையும் என் பத்தோடு வைத்து, கட்டிலுக்கு அடியில் இனிமேல் படுக்க முடியாது, கட்டில் மேலேயே படுத்து, எம்மிலிருந்து வரிசையாகப் படித்து முடிக்க வேண்டும்.

பெரியப்பா இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. சாவு வீடுகளில் அவளைப் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில் போய் என்சைக்ளோபீடியாவைப் பற்றி என்ன பேச? அவள் சங்கரன்கோவிலில் விலங்கியல் டீச்சர். அவளுக்கென்ன, வரிக்குதிரை வரை கையில் இருந்தது. போன வாரம் திடீரென்று போன். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, "ஏலே, செண்பா பேசுதேன்" என்கிறாள், நேற்றுக் காலையில் பேசினவள் மாதிரி. அவள் பள்ளிக்கூடத்தில் புதிதாக நூலகம் கட்டியிருக்கிறார்களாம். இந்தப் பத்தை அங்கே கொடுக்கப் போனாளாம். பாதி செட்டை எடுக்க மாட்டோம், முழுசாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "உன் பத்தையும் சேத்துக் குடுத்துருவோமா? ஞாயித்துக்கிழமை வா, பேசுவோம்" என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி. வரும்போது வெறுங்கையை வீசிக்கிட்டு வராத" என்றாள்.

பழம் வாங்கிப் போகலாம் என்று நினைக்கிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நல்ல கொய்யா கிடைக்குமா?

கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறுக்குக் கையோடு என் திமிங்கிலத்தைத் தொடும். அதனால் ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். அவள் காபி போட உள்ளே போவாள். அந்த நேரத்தில் இன்டெக்ஸை அவள் அலமாரியில், அவள் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகிவிடுவேன். அவள் வந்ததும், "அக்கா, இதென்ன, இங்கேயே இருக்கே" என்று நானே கண்டுபிடிப்பேன். இத்தனை வருஷமும் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது என்று வெட்கப்படுவாள் இல்லையா? அந்த வெட்கத்தில், "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று பத்தையும் தந்துவிடுவாள். எப்படி?

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? பாவம் என்றா? யாருக்குப் பாவம்? டைனோசரைக் காட்டினவளுக்கா?

என்ன, சாமியா? ஆமாம், உங்கள் ஊர் சாமி சங்கரநாராயணர்தானே. சிவன் பாதி, பெருமாள் பாதி, தெரியும். அது பெரிய இடம், அங்கே ஒன்றாக இருப்பார்கள். சீனிராஜ் மாமா அங்கே போயிருந்தால் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்.

ஊர் வந்துவிட்டது போல இருக்கிறதே. இதுதான் பஸ் ஸ்டாண்டா? நீங்கள் முதலில் இறங்குங்கள், மூட்டை இருக்கிறது. இருங்கள், இருங்கள். அந்தா அந்தக் கடைக்கு முன்னால் பாருங்கள், பச்சைச் சேலை. அவள்தான். வீட்டுக்கு வழி தெரியும் என்று சொல்லியும் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். இப்போதே மடியில் இருக்கிற பையைப் பார்த்துவிடுவாளே, காபித் திட்டம் போயிற்று.

வெயிலுக்குத் தலைக்கு மேல் என்னமோ பிடித்துக்கொண்டு நிற்கிறாளே. குடை இல்லை. வட்டமாக, பளபளவென்று. உங்களுக்குத் தெரிகிறதா? நீங்கள் தொழில்காரர், சொல்லுங்கள்.

மூடியா.

எந்த மூடி? இந்த மூடியை இப்போது எதற்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்? நான் அண்டாவைக் கொண்டு வரவில்லையே. அண்டாவுக்குள் இருந்ததைத்தானே...

இங்கேதான் வருகிறாள். ஜன்னலைத் தட்டுகிறாள்.

"ஏலே, கொண்டாந்தியா?"

எதை என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? நானும் எதை என்று கேட்கவில்லை. பார்த்தீர்களா, என் கை தானாகப் பையைத் தூக்கிக் காட்டுகிறது.

"ஆமா, சதுரமாத்தான் இருக்கு. எறங்குலே. முந்நூத்தி ரெண்டாம் பக்கத்தை எடுத்து வச்சுட்டு வந்திருக்கேன். நீ வரட்டும்னு நானும் அந்தப் பக்கத்தை இன்னும் முழுசாப் படிக்கல."

நீங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு எனக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள் அண்ணாச்சி. கண்டக்டர் கத்தினால் கத்தட்டும், நான் இறங்கத்தான் போகிறேன். உங்கள் கடையில் எலி உண்டு இல்லையா? எத்தனையோ வருஷமாகப் பார்த்திருப்பீர்கள்.

எலி துணி மடிக்குமா?